அத்தானின் முன்பற்கள்

ஜனவரி 11

அன்புள்ள பொடிசுக்கு,

அத்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் உன் அக்காவும் நானும்தான். அவள் வழக்கம்போல் காலை முதல் பஸ்ஸில் ஏறி ஊரையே "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அதட்டிவிட்டு, மாலையில் வந்து அதே குரலில் என்னையும் அதட்டுகிறாள். கண்டக்டரைக் கட்டிக்கொண்டவனுக்கு வீட்டிலும் நின்றுகொண்டே பயணம்தான்.

போனில் சொல்லக்கூடிய விஷயமென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் உனக்குப் போன் போட்டால், நீ ஹலோ சொல்வதற்குள் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். அதனால்தான் தீயணைப்பு நிலையத்து மாடியில், பேண்டு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே வண்டியைக் கழுவுகிறார்கள். தரையெல்லாம் ஓடும் தண்ணீர்ச் சத்தம் இங்கே கேட்கிறது. நீயும் பதிலை நிலையத்து முகவரிக்கே போடு.

விஷயம் இதுதான். என் முன்பற்கள் ஆடுகின்றன. மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டும், அவற்றை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் இரண்டும். பிரஷ்ஷை வைத்தாலே ரத்தம். டிரம்பெட் ஊதுகிறவனுக்கு மேல் முன்பற்கள்தான் அஸ்திவாரம். ஊதுவாய் உதட்டில் அழுந்தும், உதடு பல்லில் அழுந்தும். பல் அசைந்தால் சுருதியும் அசையும். போன வாரம் ஒத்திகையில் மேலே ஏறினேன். நாதம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. பேண்டு மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா, டயர் பஞ்சரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

இங்கே ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்னக் கண்ணாடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலையும் எடுத்துட்டு செட்டு வெச்சிடலாம்" என்றார். "செட்டு வெச்சா ஊத முடியுமா, டாக்டர்?" என்று கேட்டேன். "சாப்பிடலாமே" என்றார்.

பிறகு பத்திரிகையில் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றி வந்திருந்ததைப் படித்தேன். ஈறு நோயைக் குணப்படுத்தும் நுண்துகள் மருந்து என்று போட்டிருந்தார்கள். படத்தில் மூன்றாவதாக நீ நிற்கிறாய், யாரோ திட்டிவிட்டுப் போனதுபோல ஒரு முகத்துடன். எனக்கு மார்பு விம்மியது. உனக்குப் பொடிசு என்று பெயர் வைத்தவன் நான். நீயோ பொடியிலும் பொடியை வைத்துப் பிழைக்கிறாய். என் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. இப்போது அந்த வாயை நீதான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் அனுப்பிவை. அக்டோபரில் பூங்காவில் பேண்டின் ஆண்டு நிகழ்ச்சி. அதில் தனி வாசிப்பு என்னுடையது. உன் அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே. ஏன் என்று கேட்காதே.

ஆட்டம் கண்டிருக்கும்
அத்தான்


ஜனவரி 19

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன், இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை.

முதலில் பத்திரிகையைப் பற்றி. நான் அந்த நிருபரிடம் சொன்னது, "ஈறு நோயைக் குறைக்க உதவக்கூடும்" என்று. அச்சில் "குணப்படுத்தும்" என்று வந்திருக்கிறது. அந்தக் "கூடும்" எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் என் முகம் அப்படி இருந்ததற்குக் காரணம், படம் எடுக்கும்போதே இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றியதுதான்.

இனி உங்கள் பல்லைப் பற்றி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு எல்லோருக்கும் உண்டு. அதில் கிருமிகள் குடியேறி, தங்களைச் சுற்றிப் பாசி மாதிரி ஒரு சவ்வைப் பூசிக்கொள்கின்றன. அவை உள்ளே இருக்க இருக்க ஈறு வீங்கும், ரத்தம் வரும், இடுக்கு ஆழமாகும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். அப்போதுதான் பல் ஆடும். வாயைக் கொப்பளிக்கும் மருந்து அந்தச் சவ்வின் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் துகள் மிகச் சின்னது. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். துத்தநாகத்தால் ஆனது. மேலே ஒரு பூச்சு போட்டிருக்கிறோம், அது கிருமியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஜெல்லில் கலந்து இடுக்குக்குள் செலுத்தினால், சவ்வுக்குள் நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும்.

செய்யும் என்று எழுதிவிட்டேன். செய்யக்கூடும்.

கண்ணாடித் தட்டில் செய்கிறது. விலங்குகளில் செய்தது. சில மனிதர்களிடம், கெடுதல் இல்லை என்பதை மட்டும் பார்த்திருக்கிறோம். உங்கள் வாயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் குப்பியில் ஊற்றி உங்களுக்கு அனுப்ப மாட்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால்கூட ஒரு நொடி யோசித்திருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்டதால் யோசிக்கவே இல்லை.

நல்ல ஈறு மருத்துவர் ஒருவரிடம் போங்கள். எடுத்துவிடலாம் என்றவரிடம் இனி போகாதீர்கள். ஈறுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் பற்காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடியும்.

ஏன் என்று கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன். அக்காவிடம் ஏன் சொல்லக் கூடாது?

அன்புடன்
பொடிசு


ஜனவரி 27

பொடிசுக்கு,

"மாட்டேன்" என்ற சொல்லை இவ்வளவு அழகான கையெழுத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை.

நானென்ன ஊரைக் கொளுத்த மருந்து கேட்டேனா? ஊரான் வாய்க்கு ஆராய்ச்சி, சொந்த அத்தான் வாய்க்கு "கூடும்". நல்லது. எரிகிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தண்ணீர் பட்டால் என்ன ஆகுமென்று தெரியாது" என்று நாங்கள் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

என் பல்லை நானே பார்த்துக்கொள்கிறேன். இனி உனக்குத் தொந்தரவு இருக்காது.

அத்தான்


மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தின் கோபத்தை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று அக்கா போன் செய்தாள்.

சந்தையில் யாரோ "நானோ வெள்ளிப் பல்பொடி" என்று விற்றானாம். நீங்கள் வாங்கி, பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்தீர்களாம். மறுநாள் மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டு நின்றதாம். நிலையத்தில் "குளவி கொட்டிவிட்டது" என்று சொல்லி விடுப்பு எடுத்தீர்களாம். அக்காவிடமும் அதே குளவியைத்தான் சொன்னீர்களாம். பல்பொடி டப்பாவைக் குப்பைக்கூடையில் பார்த்த பிறகும் அவள் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

அத்தான், ஒரு டப்பாவின் மேல் நானோ என்று எழுதுவதற்கு ஒரு பேனா போதும். உள்ளே என்ன இருந்ததென்று அந்த ஆளுக்கே தெரிந்திருக்காது. எனக்குக் கோபம் ஆறவில்லை. உங்கள்மேல் வந்த கோபம் பாதி. மீதி, நான் உங்களுக்குச் சரியாகப் புரியவைக்காததால்.

ஆனால் இதை எழுதக் காரணம் பல்பொடி இல்லை. அக்கா அழுதாள். என் அக்கா! பஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட அழாதவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் என்கிட்ட சரியா பேசி ஒரு வருஷமாச்சுடி. பேசினாலும் ஜன்னலப் பாத்துப் பேசுறார். பக்கத்துல போய் உக்காந்தா எழுந்து போயிடுறார். படுத்தா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறார். இத்தன வருஷம் கழிச்சு என்னப் புடிக்காமப் போச்சு போல."

நீங்கள் கேட்டுக்கொண்டபடி நான் உண்மையைச் சொல்லவில்லை. "வேலை அலுப்பா இருக்கும் அக்கா" என்றேன். நீங்களே அவளிடம் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் சொல்லாவிட்டால் நான் ரயிலேறி வந்து சொல்வேன்.

இன்னொன்று. எங்கள் ஜெல்லை மனிதர்களிடம் முறையாகச் சோதிக்க அனுமதி கிடைத்துவிட்டது. சோதனை நடக்கும் இடங்களில் உங்கள் ஊர்ப் பல் மருத்துவமனையும் ஒன்று. விருப்பமுள்ளவர்கள் நேரில் போய்க் கேட்கலாம். நீங்கள் என் அத்தான் என்பதை மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆள் எடுப்பதிலும் அளவு பார்ப்பதிலும் எனக்கு ஒரு பங்கும் கிடையாது. சேர்த்துக்கொண்டால் உங்கள் ஈறின் தகுதி, சேர்க்காவிட்டாலும் அதுவே.

பொடிசு


மார்ச் 10

அன்புள்ள பொடிசுக்கு,

குளவி போய்விட்டது. உதடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, குழாய்களை உலரத் தொங்கவிடும் கோபுரத்துக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். பிடிக்காமல் போய்விட்டது என்றா சொன்னாள்? பொடிசு, நீ கேட்டாயே, அக்காவிடம் ஏன் சொல்லக் கூடாது என்று. சொல்கிறேன். வாய் நாறுகிறது. எனக்கே தெரிகிறது. ஒத்திகை முடிந்து டிரம்பெட்டை உதறினால் என் மூக்கே சுருங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்டாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன். அதற்கு அவள் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் நேராக அவளுடைய டிப்போவுக்குப் போனேன். டிரைவர், கண்டக்டர்கள் ஓய்வெடுக்கும் அறையில், நீளமான இரும்பு மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "என்ன, யாருக்கு என்ன?" என்றாள். "யாருக்கும் ஒண்ணுமில்ல. உக்காரு" என்றேன். நானும் எதிரே உட்கார்ந்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டே சொல்லித் தொலைத்தேன்.

"ஈறு கெட்டுப் போச்சு. பல்லு ஆடுது. வாய் நாறுது. அதான் உன் பக்கம் திரும்பல."

டம்ளரைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"வாய் நாறுதா? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு காக்கிச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் முன்னால் டக்கென்று வைத்தாள். திறந்து பார்த்தேன். நிறையக் கிராம்பு.

"ஒரு வருஷமா மென்னுக்கிட்டிருக்கேன். நீங்க சுவத்துப் பக்கம் திரும்பினதும் என் வாய்தான் நாறுதுன்னு நெனச்சேன். நாள் பூரா ஊரு சனத்துகிட்ட கத்துற வாயாச்சேன்னு. காரத்துல நாக்கே மரத்துப் போச்சு. தினமும் பஸ்ல வர்ற ஒரு அம்மா, 'பல்வலி இன்னும் போகலையா'ன்னு கேக்கிறாங்க!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. உன் அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை. நானும் கையை எடுத்துவிட்டு, ஆடுகிற பல் நாலும் தெரிய, வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, பிரமோஷனா?" என்றார். "ஆமா, இவருக்கு" என்றாள்.

அதன் பிறகு நான் பேச இடமே இல்லை. விஷயம் அவள் கைக்குப் போய்விட்டது. நாளைக்கு முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போகிறோம். விசில் அடித்தாயிற்று, வண்டி கிளம்பிவிட்டது.

உன்மேல் இருந்த கோபம் எங்கே வைத்தேன் என்று தேடினேன், கிடைக்கவில்லை. விட்டுவிடலாமா?

அத்தான்


ஏப்ரல் 14

அன்புள்ள பொடிசுக்கு,

என் ஈறு தேர்வாகிவிட்டது! இத்தனை வயதில் நான் பாஸான ஒரே பரீட்சையில் மதிப்பெண் வாங்கியது ஈறுதான்.

ஈறு மருத்துவர் ஒரு அம்மா. சின்ன உருவம், பெரிய அதிகாரம். மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் விட்டு ஆழம் பார்த்து, பக்கத்தில் இருந்த நர்ஸிடம் எண்களைச் சொன்னார். "ஆறு, ஏழு, ஆறு, ரத்தம், ஏழு, ரத்தம்." ஏலம் ஏறுவதுபோல இருந்தது. முடித்துவிட்டு, "பல்ல எடுக்கச் சொன்னது யாரு?" என்றார். சொன்னேன். "அவர் பல்ல எடுக்கணும்" என்றார். உன் அக்காவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கடைவாய்ப் பல் ஒன்றைக் காப்பாற்ற முடியாது என்று எடுத்துவிட்டார். மற்றதெல்லாம் நிற்கும் என்று நம்பலாமாம். பிறகு சுத்தம். ஈறுக்கு அடியில் இருந்து அவர் சுரண்டி எடுத்ததைத் தட்டில் பார்த்தேன். பழைய கொதிகலனின் அடியில் இருந்து வருவது மாதிரி இருந்தது. அதோடுதான் நான் இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

அடுத்து உன் ஜெல். அதன் குழாய் ஊசிமுனை மாதிரி இருக்கும், ஆனால் குத்தாது. இடுக்கில் வைத்து அழுத்தினார், சில்லென்று இறங்கியது. வாயைத் திறந்தபடி, "ந் மச்சிஞி செஞ்சது" என்றேன். "என்ன?" என்றார். உன் அக்கா வெளியிலிருந்து, "அவர் மச்சினி செஞ்சதாம்" என்று கத்தினாள். தெரியும், உறவைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்தேன், பேசாமல் படுங்கள் என்றார் டாக்டரம்மா.

இப்போது என் சந்தேகம். வாயின் ஒரு பக்கத்துக்குத் துகள் கலந்த ஜெல்லாம். மறுபக்கத்துக்குத் துகள் இல்லாத வெறும் ஜெல்லாம். எது எந்தப் பக்கம் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். இதென்ன கூத்து? ஒரே வாயில் ஓரவஞ்சனையா? நீ செய்தவள், உனக்குத் தெரியாமலிருக்காது. இடமா, வலமா? ஒரே ஒரு எழுத்து எழுதி அனுப்பு. தின்றுவிடுகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 23

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எந்தக் குழாயில் எது என்று தெரிந்தவர் வேறு கட்டடத்தில் இருக்கும் புள்ளியியல்காரர் ஒருவர் மட்டுமே. அவரிடம் வணக்கம் சொன்னால்கூட யோசித்துத்தான் பதில் வணக்கம் சொல்வார்.

இது ஓரவஞ்சனை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மனிதரின் வாய், ஒரே சாப்பாடு, ஒரே பிரஷ். அப்படியும் ஒரு பக்கம் கூடுதலாகத் தேறினால், அது துகளின் வேலை என்று நம்பலாம். எது எந்தப் பக்கமென்று தெரிந்துவிட்டால், தெரிந்தவர் கண் ஏமாறும். டாக்டர் கண்ணும்தான், என் கண்ணும்தான். என் கண் மற்றவர்களுடையதைவிட அதிகம் ஏமாறும். ஏனென்றால் அது ஆசைப்படுகிறது.

ஏழு வருடமாக இந்தத் துகளைச் செய்கிறேன், அத்தான். ஆரம்பத்தில் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கழுவும் தொட்டியில் எத்தனை தடவை கொட்டியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். பூச்சு சரியான நாளில், எங்கள் சின்ன அறையில் இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டோம், பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் அவரவர் மேஜைக்குப் போய்விட்டோம். இந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் சமமாக இருந்துவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். மேலிடத்தில் மெதுவாகச் சொல்லியும்விட்டார்கள். நம் வீட்டுக்கு வராமல் தள்ளிப்போடுவதும் அதனால்தான். "உன் மருந்து என்னாச்சு?" என்று அக்கா கேட்டால் சொல்ல ஏதாவது இருக்கட்டும் என்று.

ஆகவே எந்தப் பக்கம் எப்படியிருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் அந்த வரிகளைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்து மையால் அடித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் படிப்பேன்.

மற்றதெல்லாம் எழுதுங்கள். மெதுவாக, ஈறோரமாகத் தேய்க்கிறீர்களா? மெதுவாக.

பொடிசு


ஜூலை 6

அன்புள்ள பொடிசுக்கு,

பக்கத்து மேஜைக்காரருக்கு என் வணக்கம். அவருக்கு இன்று வேலை வைக்க மாட்டேன்.

உன் அக்கா எனக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தாள். டாக்டரம்மா அவளுக்குக் காட்டினாராம், அவள் எனக்குக் காட்டுகிறாள். காலையில் இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நிற்கிறோம். நான் வேகமெடுத்தால், "மெதுவா, மெதுவா, ஸ்டாப்பிங் வருது" என்கிறாள். ரத்தம் நின்றுவிட்டது. காற்று வாங்கக் கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டால் ஒன்றையொன்று ஒட்டித்தான் போடுகிறோம். இதற்குமேல் மச்சினிக்கு எழுதக் கூடாது.

இடையில் ஒரு வருத்தமும் நடந்தது. பேண்டு மாஸ்டர் என் தனி வாசிப்பைக் கிளாரினெட்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, என்னிடமிருந்து அவருக்குக் கேட்டதெல்லாம் காற்றுதானே. கோபப்படவில்லை. மூன்று மாதம் டிரம்பெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். ஒத்திகையில் தாளத்தட்டை அடித்தேன். ஒரு பாட்டுக்கு மூன்றே அடி. மீதி நேரமெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலை செய்கிறவர்களை இனி ஜென்மத்தில் கிண்டல் செய்ய மாட்டேன்.

போன வாரம் தொடலாம் என்றார். ஊதுவாயை மட்டும் எடுத்து உதட்டில் வைத்தேன். பொடிசு, அழுத்தினேன், பல் நின்றது. தள்ளிப் பார்த்தேன், நின்றது. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தாங்கிப் பிடித்ததுபோல நின்றது. நாலும்தான். ஆனால் அதிலும் ஒரு பக்கம் கூடுதல் கெட்டி. எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். பேண்டில் நான் உட்காரும்போது டிரம் இருக்கும் பக்கம். இதைப் பக்கத்து மேஜைக்காரர் அடிக்க முடியாது, அவர் எங்கள் பேண்டைப் பார்த்ததில்லை. மருந்து அங்கேதான் இருக்கிறது. என் தலையை அடகு வைக்கிறேன்.

செப்டம்பரில் மறுபடி வாசித்துக் காட்டுகிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

அத்தான்


செப்டம்பர் 18

அத்தான்! அக்கா!

இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கே போடுகிறேன்.

இன்று சோதனை முடிவைத் திறந்தார்கள். புள்ளியியல்காரர் தன் கட்டடத்திலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. பிறகு, "சுத்தம் செஞ்சதால ரெண்டு பக்கமும் தேறியிருக்கு" என்றார். அதுதான் எல்லோருக்கும் தெரியுமே! "அதுக்கு மேல, துகள் போட்ட பக்கம் தெளிவா கூடுதலாத் தேறியிருக்கு. எல்லா ஊர்லயும்."

"தெளிவாவா?" என்றேன்.

"தெளிவா."

"கூடும்னு சொல்லாமலா?"

"கூடும் இல்லம்மா. கூடியிருக்கு."

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் மேலே திறந்திருந்த அலமாரிக் கதவில் தலை இடித்தது. வலியே தெரியவில்லை. கத்தினேன். நான், அத்தான், நான் கத்தினேன்! தாழ்வாரத்தில் போனவர்கள் ஏதோ கொட்டிவிட்டது என்று ஓடிவந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் அழுதுகொண்டே எல்லோருக்கும் டீ போட்டார், ஒன்றிலும் சர்க்கரை போட மறந்துவிட்டார், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று குடித்தோம்.

இது எல்லா ஈறு நோயையும் தீர்த்துவிடாது. சுரண்டிச் சுத்தம் செய்வதற்கு மாற்றும் இல்லை, அதற்குத் துணை. இன்னும் பெரிய சோதனைகள் பாக்கி. எல்லாம் தெரியும். நாளைக்கு அதையெல்லாம் ஒழுங்காக எழுதுவேன். இன்றைக்கு விடுங்கள்.

உங்களுக்கு எது எந்தப் பக்கம் என்பதை டாக்டரம்மா நேரில் சொல்வார். எனக்கு இன்னும் தெரியாது. பூங்கா நிகழ்ச்சி அன்றே நான் மேலிடத்துப் பெரியவர்கள் முன்னால் முடிவுகளைச் சொல்லியாக வேண்டும், வர முடியாது. மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நடந்ததை உடனே எழுதிப் போடுங்கள். நான் புறப்படுவதற்குள் வந்து சேராவிட்டால், உங்கள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தலையில் புடைப்புடன்
பொடிசு


அக்டோபர் 12

அன்புள்ள பொடிசுக்கு,

நிகழ்ச்சி சற்று முன்புதான் முடிந்தது. பூங்காவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நீ ரயில் ஏறிவிடுவாய் என்கிறாள் உன் அக்கா. பரவாயில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில், என் தலை அடகிலிருந்து மீளவில்லை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சொன்னார், டிரம் பக்கம் போட்டது வெறும் ஜெல்லாம்! மருந்து மறுபக்கமாம். அளவிலும் அந்தப் பக்கம்தான் நல்ல முன்னேற்றமாம். நான் மூன்று மாதமாகத் தட்டிக்கொடுத்துக் கொஞ்சிய பக்கம் சும்மா நின்றிருக்கிறது, உன் துகள் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறது. உன் அக்கா சிரித்த சிரிப்பில் டாக்டரம்மா கம்பியைக் கீழே போட்டுவிட்டார். கண் ஏமாறும் என்று நீ எழுதியபோது எனக்குப் புரியவில்லை. நாக்கும் ஏமாறும் என்று சேர்த்துக்கொள்.

செப்டம்பரில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு மாஸ்டர் கிளாரினெட்காரரைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். "எனக்கு அந்த மேல் இடத்துல மூச்சு நிக்காது, சார்" என்று சொல்லி, காகிதங்களை என் பக்கம் தள்ளிவிட்டார். அவருக்கு நன்றாகவே மூச்சு நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று மாலை பூங்காவில் நாற்காலியெல்லாம் நிறைந்து புல்லிலும் ஆட்கள். முதல் வரிசையில் உன் அக்கா, டிப்போவே சுற்றி உட்கார்ந்திருந்தது. என் முறை வந்தது. எழுந்து நின்றேன். ஊதுவாயை உதட்டில் வைத்தேன். மூச்சை இழுத்தேன்.

மணி அடித்தது.

பொய் சொல்லவில்லை, நிலையத்து மணி! நிலையம் அடுத்த தெருவில்தான், இன்று பணி எங்கள் அணியுடையது. வண்டி பூங்கா வாசலிலேயே நின்றது. டிரம்பெட்டை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினேன். டிரம்காரர் ஓடினார், கிளாரினெட்காரர் ஓடினார், குச்சியோடு மாஸ்டர் ஓடினார். மேடையில் வாத்தியங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன. மரக்கடைக்குப் பின்னால் மரத்தூள் குவியல் புகைந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மரத்தூள் நெருப்பு உள்ளுக்குள்ளேயே கனியும். மேலே தண்ணீர் அடித்தால் போதாது, கிளறிக் கிளறி உள்ளே விட வேண்டும். கிளறும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அணைத்துவிட்டுத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. "எல்லாரும் போயிருப்பாங்க" என்றார் மாஸ்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாசலுக்கு வந்தால் ஒரு குரல் கேட்கிறது.

"யாரும் எறங்கக் கூடாது! வண்டி இன்னும் ஸ்டாண்டுக்கு வரல! அந்த ஓரத்துல ரெண்டு பேர் உக்காரலாம், தள்ளிக்கோங்க!"

உன் அக்கா மேடையில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஆள்கூடப் போகவில்லை, பொடிசு. ஒரு ஆள்! அதுமட்டுமல்ல, சத்தம் கேட்டு வழியில் போனவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முகமெல்லாம் கரி, பூட்ஸெல்லாம் சேறு. அப்படியே மேடையேறினோம். ஊதுவாயைத் துடைத்தேன். உதட்டில் வைத்தேன். முதல் சுரம் வந்தது. நேராக, கம்பி இழுத்ததுபோல வந்தது. மேலே ஏறினேன். இன்னும் மேலே. ஜனவரியில் காற்றாய்ப் போன அந்த இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். நாதம் நின்றது, பொடிசு. பூங்கா மரத்துக்கெல்லாம் மேலே போய் நின்றது. பல் ஆடவில்லை. கால்தான் ஆடியது.

முடித்துக் கண்ணைத் திறந்தால், டாக்டரம்மா நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டுகிறார். மாஸ்டர் என்னிடம் வந்து ஏதோ சொன்னார், கைதட்டலில் கேட்கவில்லை. உன் அக்கா கைதட்டவே இல்லை. இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டேயிருந்தாள். மறுபடி கேட்டார்கள், மறுபடி வாசித்தேன். இன்னொரு தடவை கேட்டார்கள், இன்னொரு தடவை வாசித்தேன். நாலாவது தடவை கேட்டது உன் அக்கா. யார் மறுக்க முடியும்?

இப்போது டீ டம்ளரை வாயில் வைக்க முடியவில்லை. வலிக்கிறது. பயப்படாதே, பல் இல்லை, ஈறு இல்லை. உதடு. வாசித்து வாசித்து உழைத்த உதட்டுக்கு வருகிற வலி. இந்த வலியை எத்தனை நாளாகக் காணவில்லை என்று உனக்குத் தெரியாது. உன் அக்கா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து ஒற்றி விடுகிறாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். "நல்லா வலிக்குது" என்று சொல்லி, அவள் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

உதடு வீங்கிய
அத்தான்